பார்த்தேன் என்று சொன்ன டீச்சர்

கோர்ட் வராந்தாவில் டீச்சரை முதன்முதலாகப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது அவருடைய காலணிதான். சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. அன்று காலைதான் பாலிஷ் போட்டுக் காயவைத்தது போலப் பளிச்சென்றிருந்தது. குற்றம் சாட்டப்பட்டு வருகிறவர்கள் பொதுவாகச் சுவரோரம் ஒதுங்குவார்கள். தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பார்கள். டீச்சர் நடு வராந்தாவில் கால்களைச் சற்று அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, முதுகு வளையாமல் நின்றிருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டதும், "உள்ளேன் ஐயா" என்று வராந்தா முழுவதும் கேட்கிற குரலில் சொன்னார். இரண்டு காவலர்கள் சிரித்தார்கள். உள்ளே போனதும், வக்கீல் இல்லையா என்று நீதிபதி கேட்க, டீச்சர் திரும்பி வரிசையாக உட்கார்ந்திருந்த வக்கீல்களான எங்களைப் பார்த்தார். யாரை அணியில் சேர்க்கலாம் என்று பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை. கடைசியில் என்னிடம் வந்து, "உங்களுக்கு நேரம் இருக்குமா?" என்றார். நேரம் இருந்தது. தெம்புதான் இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

டீச்சர் என்றே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னார். இதில் வரும் இன்னொருவரும் அதையேதான் சொன்னார். பெண்கள் பள்ளி ஒன்றில் பல காலம் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். திருமணம் செய்துகொள்ளவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். விடிந்ததும் நடக்கப் போய், திரும்பி வரும்போது நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் மீன் வாங்கி வருவார். அவருடைய வீட்டுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர் மனைவியோடு குடியிருந்தார். வீட்டு வேலைக்கென்று ஊரிலிருந்து பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தியை வைத்திருந்தார்கள். உறவுக்காரப் பெண் என்று கட்டடத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் பள்ளிக்கூடம் போவதில்லை என்பதை டீச்சர் கவனித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் மேலே யாரையோ அடிக்கும் சத்தமும், அடிபடுகிறவர் அழும் சத்தமும் டீச்சருக்குக் கேட்டன. அவர் போலீசுக்குப் போன் செய்தார். வண்டி வந்தது. மேலே போய்ப் பார்த்தால் அந்தப் பெண் வீட்டிலேயே இல்லை. போன வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றார் ஒப்பந்ததாரர். அங்கேயே அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். என் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அவரும் சொன்னார். அதற்குள் டீச்சரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி எழுத்தில் வாங்கியிருந்தார்கள். 'மேல் வீட்டுக்காரர் அந்தச் சிறுமியை அடிப்பதை நான் நேரில் பார்த்தேன்' என்று அதில் இருந்தது. இல்லாத பெண்ணை அடித்ததாக எப்படிப் பார்க்க முடியும்? ஒப்பந்ததாரருக்கு வேண்டியவர்கள் பல இடங்களில் இருந்தார்கள். சில வாரங்களில், போலீசுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாக டீச்சர் மீதே வழக்கு வந்துவிட்டது.

இந்த மாதிரி வழக்கில் எங்களுக்குப் பிடிமானமாக இருப்பது ஒரே ஒரு சொல். பொய்யென்று 'தெரிந்தே' சொல்லியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். தவறாக நினைத்துக்கொண்டு, ஆனால் மனதார நம்பிச் சொன்னவர் குற்றவாளி ஆகமாட்டார். பொய் வேறு, பிழை வேறு. டீச்சர் எதையோ பார்த்திருக்கிறார், வேறு யாரையோ அந்தப் பெண் என்று நினைத்துவிட்டார் என்று வாதாடலாம் எனத் திட்டமிட்டேன். அதற்காக இடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையை ஒட்டிய சின்ன பால்கனியில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேல் வீட்டின் சிமெண்ட் தளமும், சொட்டிக்கொண்டிருந்த ஏசி பெட்டியின் அடிப்பாகமும்தான் தெரிந்தன. வலது பக்கம் சாய்ந்து பார்த்தேன், இடது பக்கம் சாய்ந்து பார்த்தேன். எந்தப் பக்கமும் அந்த வீட்டின் ஒரு ஜன்னல்கூடத் தெரியவில்லை.

"இங்கிருந்து எப்படி டீச்சர் பார்த்தீங்க?"

அவர் தொட்டியில் சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"பார்க்கலை. கேட்டேன்."

நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"போன்ல ஒரு பொண்ணு பேசினா. சின்னப் பிள்ளையை அடிக்காங்கன்னு சொன்னேன். நீங்க நேர்ல பார்த்தீங்களாம்மான்னு கேட்டா. சத்தம் கேட்குதுன்னேன். அது சரி, பார்த்தீங்களா இல்லையான்னு மறுபடியும் கேட்டா. இல்லைன்னு சொன்னா போனை வச்சிருவான்னு தோணிச்சு. மேலே அடி விழுந்துட்டே இருக்கு. பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

"ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தப்பவாவது மாத்திச் சொல்லியிருக்கலாமே."

"ஒருக்க சொன்னதை எப்படி மாத்த? அப்ப முதல்ல சொன்னது பொய்யான்னு கேப்பாங்கல்லா."

இதை என்னிடம் சொன்னதோடு விட்டுவிடுங்கள், வேறு யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் எங்களிடம் கொட்டிவிட வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே இந்தத் தொழிலில் சௌகரியம். தெரிந்துவிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். இருட்டு அறையில் நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடப்பது மாதிரி. வழக்கு நடந்த வருஷங்கள் முழுவதும் அப்படித்தான் நடந்தேன்.

வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் நீதிபதி விடுப்பில் இருப்பார், ஒரு நாள் சாட்சி வரமாட்டார், ஒரு நாள் வக்கீல்கள் வேலைநிறுத்தம். டீச்சர் ஒவ்வொரு முறையும் கோர்ட் திறப்பதற்கு முன்பே வந்து நிற்பார். கட்டடத்தில் அவரோடு பேசுவதைப் பலரும் நிறுத்தியிருந்தார்கள். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் திடீரென்று கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்களாம். "அதுல ஒருத்தர் போனைத் தலைகீழா வச்சிருந்தார்" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் நாளாக ஆக அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. வராந்தாவில் பெஞ்சு காலியாக இருந்தால் போய் உட்கார ஆரம்பித்தார்.

நடுவில் ஒரு சமாதானப் பேச்சும் வந்தது. அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மயிலாப்பூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். மாடவீதியில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்த வியர்வை சட்டையில் தெரிந்தது. நல்ல மனிதர்தான். "டீச்சர் மேல எனக்கு மரியாதை உண்டு மேடம். தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்கோன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா போறும். மேல் வீட்டுக்காரர் பெரிய எடத்துல பேசி கேஸை முடிச்சுண்டுடுவார். நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துண்டு இருக்கணுமோல்லியோ" என்றார்.

எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் நானும் டீச்சரிடம் சொன்னேன். அன்றைய நிலையில் எந்த வக்கீலும் அதைத்தான் சொல்லியிருப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் மறுநாள் வந்தார்.

"ரெண்டு வரிதான், எழுதிரலாம். ஆனா நான் மன்னிப்பு கேட்டா, அன்னைக்கு யாரும் அழவே இல்லைன்னு ஆயிரும் வக்கீலம்மா. நான் கேட்டேனே."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னது மனதைத் தொட்டதால் அல்ல. வற்புறுத்துகிற தெம்பு அன்று எனக்கு இல்லை.

சாட்சி விசாரணை ஒரு கோடையில் ஆரம்பித்தது. டீச்சருக்கும் மேல் வீட்டுக்காரருக்கும் ஏற்கெனவே பகை, அதனால்தான் பொய்ப் புகார் என்று நிறுவுவதே அரசு வக்கீலின் நோக்கம். மீன் வாசனை தாங்கவில்லை என்று மேல் வீட்டுக்காரர் சங்கத்தில் புகார் கொடுத்ததும், அதற்கு டீச்சர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியதும் விரிவாக வந்தன. என்ன மீன் என்றுகூட ஒரு கேள்வி. கோர்ட் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

அடுத்துக் கட்டடத்தின் வாட்ச்மேன். வண்டி வந்த அன்று படிக்கட்டில் வைத்து, "எனக்குங்கூட கேட்டுச்சு டீச்சர்" என்று சொன்னவர் அவர்தான். கூண்டில் ஏறி, "சத்தம்லாம் ஒண்ணும் கேக்கலீங்க" என்றார். குறுக்கு விசாரணையிலும் அதையே சொன்னார். மதியம் வெளியே டீக்கடையில் எங்களைப் பார்த்ததும் ஒதுங்கப் பார்த்தவர், பிறகு தானே கிட்டே வந்தார். "இன்னா டீச்சர் பண்றது. அவுரு ஒரு வார்த்த சொன்னா வேல பூடும். பொண்ணு காலேஜ் போய்க்கினு கீது" என்றார். டீச்சர் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "டீயைக் குடிங்க, ஆறிரும்" என்று மட்டும் சொன்னார்.

ஒப்பந்ததாரரின் மனைவியும் சாட்சியாக வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, அந்த வெயிலிலும் முழங்கை மறைகிற ரவிக்கை. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். நான் எழுந்து, "அன்றைக்கு உங்கள் வீட்டில் யாருமே அழவில்லையா?" என்று கேட்டேன். அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "டிவி சத்தமா வச்சிருப்போம்" என்றார். இன்னும் ஒன்றிரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். உணவு இடைவேளை நேரம் தாண்டிவிட்டது, முடியுங்கள் என்று நீதிபதி சைகை காட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

சாட்சிகள் முடிந்ததும், குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதியே நேரடியாகக் கேள்வி கேட்பார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று டீச்சருக்குப் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தேன். 'பொய் வழக்கு' என்று இரண்டே சொல். நீதிபதி கேட்டார், "சிறுமியை அடிப்பதை நேரில் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அது பொய் என்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்தார்.

"பார்க்கலை ஐயா. அழுத சத்தம் கேட்டேன். அடிச்ச சத்தமும் கேட்டேன். பார்த்தேன்னு சொன்னாத்தான் வண்டி வரும்னு நெனச்சேன். அதனால சொன்னேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தட்டச்சு செய்கிற பெண் அதை ஒரு எழுத்து விடாமல் பதிவு செய்யும் சத்தம் கேட்டது. அரசு வக்கீல் புன்னகைத்தார். அவர் வருஷக்கணக்காக நிரூபிக்கப் பாடுபட்டதை டீச்சர் ஒரே மூச்சில் எடுத்துக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். "களைச்சுப் போச்சு வக்கீலம்மா. அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கிட்டே நடக்க முடியலை" என்றார்.

ஆனாலும் அவர் விடுதலை ஆனார். அதற்குக் காரணம் நான் முதல் நாளிலிருந்தே பத்திரமாக வைத்திருந்த வேறொரு ஓட்டை. இந்தக் குற்றத்துக்குத் தகவலைப் பெற்ற அதிகாரியோ அவருக்கு மேலே இருப்பவரோதான் கோர்ட்டில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். டீச்சரிடம் எழுதி வாங்கியவர் இன்ஸ்பெக்டர். கோர்ட்டில் முறையிட்டுக் கையெழுத்துப் போட்டவரோ அவருக்குக் கீழே இருந்த சப்-இன்ஸ்பெக்டர். ஆரம்பத்திலேயே சொன்னால் திருத்திக்கொண்டுவிடுவார்கள் என்று கடைசி வாதத்தில்தான் எடுத்தேன். அந்த ஒரு காரணத்துக்காகவே வழக்கு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. படித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

படியிறங்கும்போது டீச்சர் கேட்டார், "அன்னைக்கு யாரோ அழுதாங்களே, அதைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

"எதுவும் எழுதலை டீச்சர். அதுக்குத் தேவை இல்லாமப் போச்சு."

"ஓ" என்றார். அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஜெயித்த வழக்கு என்று எனக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு எப்போதாவது போனில் பேசிக்கொள்வோம். மேல் வீடு காலியாகிவிட்டது, அடையாறு பக்கம் சொந்தமாக வாங்கிப் போய்விட்டார்கள் என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். போன வருஷம் ஒரு மாலையில், முன் அனுமதி எதுவும் கேட்காமல் ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "மேடம், என்னை ஞாபகம் இருக்கா? நீங்க என்னை ஒரு கேள்வி கேட்டீங்க. நான் தண்ணி கேட்டேன்" என்றார்.

கணவரை விட்டு வந்து தி. நகரில் அக்கா வீட்டில் இருக்கிறார். குடும்ப வன்முறை வழக்குப் போட வேண்டும். அதைப் பேசுவதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும் என்றார்.

"அந்தப் பொண்ணு நிஜமாவே ஊர்லதான் இருந்தா மேடம். அதுல பொய்யே இல்லை. அன்னைக்கு அழுதது நான்."

டீச்சரைப் பார்க்க முடியுமா என்று அவரே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துப் போனேன். கதவைத் திறந்த டீச்சர் அவரை அடையாளம் தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே வரச்சொன்னார். முழங்கால் தேய்ந்து கைத்தடியோடு நடந்தார். அந்தப் பெண் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"சின்னப் பிள்ளை குரல் மாதிரில்லா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"வாயில துண்டை வச்சுக்கிட்டுத்தான் அழுவேன் டீச்சர். வெளியே கேட்டா இன்னும் விழும். அப்படி அழுதா குரல் சின்னதாத்தான் வரும்."

"போலீஸ் வந்தப்போ நீ எங்கே இருந்தே?"

"கதவைத் திறந்ததே நான்தான். சின்னப் பொண்ணு எங்கன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். ஒவ்வொரு ரூமாத் தேடினாங்க. என்னை எதுவும் கேட்கலை."

டீச்சரின் முகம் அப்போது மாறியது. அத்தனை வருஷம் கோர்ட்டில் நின்றபோதுகூட நான் பார்க்காத மாற்றம் அது. "நான் பாட்டுக்கு, பார்த்தேன், சின்னப் பொண்ணுன்னு சொல்லிட்டேன். அவங்களும் அவளையே தேடிட்டுப் போயிட்டாங்க. கேட்டதை மட்டும் சொல்லியிருந்தா உன் முகத்தைப் பார்த்திருப்பாங்களோ என்னவோ."

"பார்த்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் டீச்சர். கோர்ட்ல இவங்க கேட்டாங்களே, சொன்னேனா? உங்களுக்கு எதிராத்தானே சொன்னேன்."

டீச்சர் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் குடித்து முடித்தோம். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, கோர்ட்டுக்கு எப்போது வர வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

பொய்ப் புகார் வழக்கில் மாட்டிய ஒருவரைச் சாட்சியாகக் கூட்டி வந்தால் எதிர்த் தரப்பு விடுமா என்று முதலில் தயங்கினேன். பிறகு பழைய வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தேன். எந்தப் பதிலைக் கேட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேனோ அது அங்கே அப்படியே இருந்தது. அழுத சத்தம் கேட்டேன், அடித்த சத்தம் கேட்டேன். தனக்குத் தண்டனை வரும் என்று தெரிந்தே, யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத காலத்தில் சொன்னது. அதை இட்டுக்கட்டியது என்று எவராலும் சொல்ல முடியாது. நான் சொல்லிக் கொடுத்த இரண்டு சொற்களை டீச்சர் சொல்லியிருந்தால், இன்று இந்தப் பெண்ணுக்கு எழுத்தில் ஒரு வரிகூட இருந்திருக்காது.

வழக்கு இன்னும் நடக்கிறது. எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேட்கிறார், நானும் ஒவ்வொரு முறையும் அடுத்த தேதியைச் சொல்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது. பிற்பகலுக்கு மேல் குரல் எழும்புவதில்லை. பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணும் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் டீச்சரின் சாட்சியம் நடந்தது. கூண்டில் ஏற ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. கணவர் தரப்பு வக்கீல் பழைய வழக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். நீட்டி முழக்கி நிறையக் கேட்டார். கடைசியில் குரலை உயர்த்தி, "சம்பவத்தை நீங்கள் நேரில் பார்த்தீர்களா இல்லையா?" என்றார்.

"பார்க்கலை" என்றார் டீச்சர். தட்டச்சு செய்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் அவள் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "கேட்டேன்."